83 மடங்கு ஜூம் இருந்தும் வரித்தலை வாத்துகள் கலங்கித் தெரிகின்றன: பறவைப் படத்தை எங்கிருந்து தொடங்குவது?

பாளை ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் ஒரு பள்ளியில் அறிவியல் கற்பிக்கிறேன். இருநோக்கியுடன் குளக்கரைகளில் பறவை பார்ப்பது எனக்குப் பழைய பழக்கம். படம் எடுப்பதுதான் புதிது. உறவினர் ஒருவர் தாம் பயன்படுத்தி வந்த 83 மடங்கு ஜூம் கேமராவை எனக்குக் கொடுத்துவிட்டார். லென்ஸைக் கழற்றி மாற்ற முடியாத, ஒரே கைப்பையில் அடங்கிவிடுகிற வகை.

சென்ற மாதம் கூந்தன்குளத்துக்குச் சென்றிருந்தேன். குளத்தின் நடுத்திட்டில் வரித்தலை வாத்துகள் கூட்டமாக இருந்தன. கரையில் நின்று முழு ஜூமில் எடுத்த படங்களில் அவற்றின் தலையிலுள்ள இரண்டு கருப்புப் பட்டைகள்கூடச் சரியாகப் பிரிந்து தெரியவில்லை; உடலின் விளிம்புகள் நீருக்குள் கிடப்பவை போல நெளிந்திருந்தன. அப்போது மணி பதினொன்று இருக்கும், நல்ல வெயில். ஆகவே வெளிச்சம் போதவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் எங்கள் தெரு மின்கம்பியில் காலையில் வந்து அமரும் வெண்மார்பு மீன்கொத்தியை அதே கேமராவில், அதே முழு ஜூமில் எடுத்தால் மார்பின் இறகுகளை எண்ணிவிடலாம் போலத் தெளிவாக விழுகிறது. இந்த வேறுபாடு எதனால் என்று எனக்குப் புரியவில்லை. முக்காலி வாங்கினால் சரியாகிவிடுமா, அல்லது கேமராவில் மாற்ற வேண்டிய அமைப்பு ஏதேனும் உண்டா?

உடன் பணிபுரியும் ஒருவர், இதை விற்றுவிட்டு லென்ஸ் மாற்றும் கேமரா வாங்குவதுதான் முறை என்கிறார். எனக்குப் போட்டிகளுக்குப் படம் அனுப்பும் எண்ணம் இல்லை. மாணவர்களுக்குக் காட்ட வேண்டும், பறவைப் பட்டியல்களைப் பதியும் இணையதளமான இ-பேர்டில் பட்டியல் இடும்போது ஐயத்துக்குரிய பறவைகளுக்குச் சான்றாகப் படம் இணைக்க வேண்டும், முடிந்தால் பார்ப்பதற்கு அழகாகவும் இருக்க வேண்டும், அவ்வளவுதான். கூந்தன்குளத்தில் ஊருக்குள்ளேயே மரங்களில் கூடுகள் இருப்பதால் அவற்றை எடுக்கலாமா, எவ்வளவு தூரம் நெருங்கலாம் என்பதையும் அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.


குளக்கரை நடையன் எழுதியது:

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். மீன்கொத்தியின் இறகு தெளிவாக விழுகிறது என்றால் லென்ஸில் குறையில்லை. நீங்கள் சொல்லும் 83 மடங்கு ஜூம் நிக்கான் நிறுவனத்தின் பி900, பி950 ஆகிய இரண்டிலும் உள்ளது. முன்னது 2015இலும் பின்னது 2020இலும் வந்தவை. இரண்டும் 24 முதல் 2000 மி.மீ. வரையிலான லென்ஸுக்கு ஈடான பார்வையைத் தருகின்றன. உங்களுடையது எதுவாக இருந்தாலும் கீழே எழுதியிருப்பதில் பெரும்பகுதி பொருந்தும்.

வாத்துகளை நெளியச் செய்தது காற்றுதான். வெயிலில் காய்ந்த கரையும் வறண்ட சேறும் தமக்கு மேலுள்ள காற்றைச் சூடாக்குகின்றன. சூடான காற்றும் அதற்கு மேலுள்ள குளிர்ந்த காற்றும் ஒளியை வெவ்வேறு அளவில் வளைப்பதால், அவை கலந்து எழும்போது அவற்றினூடே வரும் உருவம் கணத்துக்குக் கணம் இடம் மாறுகிறது. வெறும் கண்ணுக்கு இது தார்ச்சாலையில் மட்டுமே தெரியும், 2000 மி.மீ. ஜூம் பறவையைப் பெரிதாக்கும்போது இந்த நெளிவையும் அதே அளவுக்குப் பெரிதாக்கிவிடுகிறது. முக்காலி உங்கள் கையின் நடுக்கத்தை நிறுத்துமே தவிர, இடையில் உள்ள காற்றை நிறுத்தாது. பல லட்சம் ரூபாய் விலையுள்ள லென்ஸை வைத்து அதே பதினொரு மணிக்கு அதே கரையிலிருந்து எடுத்திருந்தாலும் ஏறத்தாழ இதே படம்தான் கிடைத்திருக்கும். இதை உடன் பணிபுரிபவரிடமும் சொல்லுங்கள்.

ஆகையால் இவ்வகைக் கேமராவைப் பற்றி நான் எல்லாரிடமும் முதலில் சொல்வது, ஜூமைத் தொலைவிலுள்ள பறவைக்காகச் செலவழிக்காதீர்கள் என்பதே. அருகிலுள்ள பறவையைக் கலைக்காமல், அது தன் வேலையைத் தொடர விட்டுவிட்டு, சட்டம் நிறையப் பிடிப்பதற்காகவே அந்த ஜூம். கணக்குப் போட்டுப் பார்த்தால் இது விளங்கும். 2000 மி.மீ. ஈடான ஜூமில் 20 மீட்டர் தொலைவில் படத்தின் அகலத்துக்குள் அடங்குவது ஏறத்தாழ 35 செ.மீ. மட்டுமே, வெண்மார்பு மீன்கொத்தியின் நீளம் 28 செ.மீ. என்பதால் அது சட்டத்தை நிறைத்துவிடுகிறது. 100 மீட்டரில் அகலம் 1.7 மீட்டர் ஆகிவிடும். முக்கால் மீட்டர் நீளமுள்ள வரித்தலை வாத்து அப்போதும் பாதிச் சட்டத்துக்குச் சற்றுக் குறைவாக வரும். 300 மீட்டரிலோ அகலம் ஐந்து மீட்டரைத் தாண்டிவிடுகிறது. வாத்து ஏழில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும், இடையில் உள்ள காற்றோ மூன்று மடங்காகிவிடும். முப்பது மீட்டருக்குள் இருக்கும் பறவைகளை மட்டும் எடுப்பது என்று தொடக்கத்தில் ஒரு வரம்பு வைத்துக்கொண்டு பாருங்கள், கேமராவைப் பற்றிய உங்கள் எண்ணமே மாறிவிடும்.

அடுத்தது வெளிச்சம். இக்கேமராக்களின் ஒளியுணரிச் சில்லு மிகச் சிறியது: அகலம் சுமார் 6.2 மி.மீ., உயரம் 4.6 மி.மீ. முழுச்சட்டக் கேமராவின் (பழைய 35 மி.மீ. படச்சுருள் அளவுச் சில்லு உடையது) சில்லு பரப்பில் இதைப்போல் 30 மடங்கு. அத்துடன் பி900இன் லென்ஸ் அகலக் கோணத்தில் எஃப் 2.8 அளவுக்குத் திறக்கிறது (எஃப் எண் சிறிதானால் திறப்பு பெரிது), முழு ஜூமில் எஃப் 6.5க்கு மேல் திறப்பதில்லை. அதாவது உள்ளே வரும் ஒளி ஐந்து மடங்குக்கும் மேல் குறைந்துவிடுகிறது. சிறிய சில்லு, குறுகிய திறப்பு, இரண்டும் சேர்ந்தால் ஐஎஸ்ஓ, அதாவது ஒளிக்குக் கேமரா காட்டும் உணர்திறன், ஏறும். ஏறினால் இறகின் நுண்மை எல்லாம் பொரிப்பொரியாகி, பிறகு கேமரா அந்தப் பொரியைத் துடைக்க முயன்று சாயம் பூசியது போல் ஆக்கிவிடும். ஐஎஸ்ஓ 400 வரை கவலையில்லை, 800 வரை பொறுத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் சான்றுப் படத்துக்கு மட்டுமே. தானியங்கி ஐஎஸ்ஓவுக்கு இந்த வரம்பைக் கட்டிவிட அமைப்புப் பட்டியலில் வழி இருக்கிறது.

இதனால் உங்களுக்கு உகந்த நேரம் மிகக் குறுகியதாகிறது. விடியலில் ஒளி போதாது. பத்து மணிக்குமேல் ஒளி இருக்கும், காற்று நெளியும், பறவையின் முகத்தில் நிழலும் விழும். நம் பக்கத்தில் குளிர்காலத்தில் ஏழு மணி முதல் ஒன்பதரை வரை, மாலையில் நாலரைக்குமேல் ஒரு மணி நேரம், இவ்வளவுதான். சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும்படி எந்தக் கரையில் நிற்பது என்பதை வீட்டிலிருந்து கிளம்பும்போதே முடிவு செய்துகொள்ளுங்கள்: காலையில் குளத்தின் கிழக்குக் கரை, மாலையில் மேற்குக் கரை.

கேமராவில் செய்ய வேண்டியவை சில உண்டு. டிஜிட்டல் ஜூமை அணைத்துவிடுங்கள். அது படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்குகிறதே தவிரப் புதிதாக எதையும் காண்பதில்லை. குவிய இடத்தை நடுவில், சிறிய சதுரமாக வையுங்கள். கேமராவே தேர்ந்தெடுக்கட்டும் என்று விட்டால் அது பறவையை விட்டுவிட்டு முன்னாலிருக்கும் கருவேலக் கிளையைத்தான் பிடிக்கும். ஷட்டர் வேகத்தை நீங்களே முடிவு செய்யும் முறையில், அமர்ந்திருக்கும் பறவைக்கு 1/250 வினாடி வைத்துத் தொடங்குங்கள். அசைவுத் தடுப்பு இருப்பதால் இதைவிடக் குறைந்த வேகத்திலும் கை நடுக்கம் தெரியாமல் எடுக்க முடியும், ஆனால் தவிட்டுக்குருவி தலையைத் திருப்புவதை அந்தத் தடுப்பு தடுக்காது. இவற்றையெல்லாம் முறைச்சக்கரத்தில் யு என்ற இடத்தில் பதிந்து வைத்துக்கொண்டால் ஒவ்வொரு முறையும் தேட வேண்டியதில்லை.

பி900இல் குவியத்துக்குக் குறைந்தபட்சத் தொலைவு ஒன்று உண்டு என்பதையும் நினைவில் வையுங்கள். முழு ஜூமில் ஐந்து மீட்டருக்குள் இருப்பதை அது குவிக்காது. முருங்கைப் பூவில் தேன்சிட்டு வந்து நிற்கும்போது கேமரா முன்னும் பின்னும் அலைவது பெரும்பாலும் இதனால்தான். அப்போது ஜூமைப் பாதியாகக் குறைத்தால் பிடித்துவிடும். பத்து செ.மீ. நீளமே உள்ள பறவைக்கு அந்தத் தொலைவில் பாதி ஜூமே போதுமானது.

முக்காலியைப் பற்றி என் கருத்து, இப்போதைக்கு வேண்டாம் என்பதுதான். அதை விரித்து நிறுத்துவதற்குள் பறவை போய்விடும். ஒற்றைக்கால் தாங்கி இருந்தால் நல்லது. இல்லையென்றால் மதகுச் சுவர், பனைமரம், ஒரு கிலோ அரிசி போட்டுக் கட்டிய துணிப்பை, எதன்மீதாவது கேமராவைச் சாய்த்துக்கொள்ளலாம்.


சதுப்புநிலவாசி எழுதியது:

மேலே எழுதியவரோடு பெரும்பாலும் உடன்படுகிறேன், ஒரு இடத்தைத் தவிர. காற்றுக்கு எந்த லென்ஸும் ஒன்றுதான் என்பது உண்மை. ஆனால் ஒளி குறைந்த நேரத்தில் சில்லின் அளவு எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. நான் பெரும்பாக்கம், பள்ளிக்கரணைப் பக்கம் படம் எடுப்பவன். மார்கழியில் எட்டரை மணி வரை பனிமூட்டம் நிற்கும் நாட்களில் சிறு சில்லுக் கேமராவை வைத்துக்கொண்டு நாமக்கோழியைக்கூட ஒழுங்காக எடுக்க முடியாது. அருகில் பெரிய சில்லோடு நிற்பவர் எடுத்துக்கொண்டே இருப்பார்.

ஆசிரியை அவர்கள் இப்போதே மாற்ற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. என்றேனும் மாற்றுவதாக இருந்தால் எதை இழந்து எதைப் பெறுகிறோம் என்று தெரிந்து மாற்ற வேண்டும். தொடக்க நிலையில் லென்ஸ் மாற்றும் கேமராவோடு பலரும் வாங்குவது 70–300 மி.மீ. லென்ஸ். அதன் பார்வை 450 மி.மீ. அளவுக்குத்தான் ஈடாகும். சில்லு ஏறத்தாழ 13 மடங்கு பெரிது என்பதால் படத்தை வெட்டிக்கொள்ள இடம் இருக்கும். இருந்தாலும் 2000 மி.மீ. பழகிய கண்ணுக்கு முதல் நாளே ஏமாற்றமாக இருக்கும். பறவை படத்தில் ஒரு புள்ளியாக நிற்கும். பிறகு 150–600 மி.மீ. லென்ஸ் வேண்டும் என்று தோன்றும். அதன் எடை ஏறத்தாழ இரண்டு கிலோ. இரண்டுக்கும் இடைப்பட்டதாகச் சோனி ஆர்எக்ஸ்10 வரிசையின் நான்காவது மாதிரி 2017இல் வந்தது. ஒரு அங்குலச் சில்லு, பரப்பில் உங்களுடையதைப் போல் நான்கு மடங்கு, 600 மி.மீ. வரை ஈடான லென்ஸ், முழு ஜூமிலும் எஃப் 4. விலைதான் இடிக்கும்.

மற்றொன்று, உங்களுடையது பி950 என்றால் ரா கோப்பாக (சில்லு பதிந்ததைக் கேமரா திருத்தாமல் அப்படியே வைக்கும் கோப்பு) பதியும் வசதி இருக்கிறது, பி900 என்றால் ஜேபெக் மட்டுமே. தொடக்கத்தில் இதற்காக வருந்த வேண்டியதில்லை. ஜேபெக் மட்டும் தரும் கேமராவில் வெளிச்சத்தை எடுக்கும்போதே சரியாக அளந்துவிட வேண்டும், பிறகு கணினியில் மீட்கலாம் என்ற எண்ணம் உதவாது, அவ்வளவுதான்.


வயல்வரப்பு எழுதியது:

நான் நாங்குநேரிப் பக்கத்துக்காரன். கேமராவைப் பற்றி இவர்கள் சொன்னதற்குமேல் எனக்குத் தெரியாது. இடத்தைப் பற்றியும் கூட்டைப் பற்றியும் சொல்கிறேன், அம்மா.

கூந்தன்குளம் 1994இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது, உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்ததாக 2022இல் அறிவிப்பு வந்தது. ஆனால் அதற்கெல்லாம் முன்பிருந்தே அந்த ஊரார் தங்கள் வீட்டு வேம்பிலும் புளியிலும் கூடு கட்டும் நாரைகளையும் கூழைக்கடாக்களையும் விரட்டாமல் வாழ்ந்து வருகிறார்கள். எச்ச நாற்றத்தையும் மீன் துண்டுகள் முற்றத்தில் விழுவதையும் பொறுத்துக்கொண்டு வாழ்பவர்களின் தெரு அது. அங்கே கேமராவோடு போகிறவர்கள் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுப்பதே மரியாதை. தெருவில் நின்றபடி, மரத்தடிக்குப் போகாமல், உங்கள் ஜூமைக் கொண்டு எடுக்கலாம். ஊர் மக்களின் நடமாட்டத்துக்குப் பழகிய பறவைகள் என்பதால் தெருவில் நிற்பவரை அவை பொருட்படுத்துவதில்லை. இதே நாரை ஆளில்லாத கண்மாய்க் கருவேலமரத்தில் கூடு கட்டியிருந்தால் அது வேறு. அங்கே ஐம்பது மீட்டரில் நீங்கள் நிற்பதே அதற்குத் தொல்லையாக இருக்கலாம்.

கூட்டுப் படத்தைப் பொறுத்தவரை, பொதுவிதியாக வேண்டாம் என்றே சொல்வேன். மஞ்சள்மூக்கு நாரை வெயில் நேரத்தில் சிறகை விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் கொடுத்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். தாய் எழுந்து பறந்தால் அந்த நிழல் போய்விடும். இறகு முளைக்காத குஞ்சு நம் வெயிலில் எவ்வளவு நேரம் தாங்கும்? காகமும் கரும்பருந்தும் வேறு காத்திருக்கின்றன. தையல்சிட்டு, கொண்டைக்குருவி போன்ற சிறு பறவைகளின் கூடு என்றால் இன்னும் மோசம். மறைத்திருக்கும் இலையை விலக்கிப் படம் எடுத்துவிட்டுப் போகிறவர், காகத்துக்குக் கூட்டைக் காட்டிக்கொடுத்துவிட்டுப் போகிறார். அலைபேசியில் பறவையின் குரலை ஒலிக்கவிட்டு வரவழைப்பதும், ஆந்தைமீது ஃபிளாஷ் அடிப்பதும் இதே வகைதான்.

பறவைக்குத் தொல்லை தொடங்கிவிட்டதா என்பதை அதுவே சொல்லும். மேய்வதை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கும், கழுத்தை நீட்டும், உடலை ஒடுக்கும், சில நேரம் எச்சமிடும்; அடுத்தது பறப்புதான். தலை தூக்கிய உடனே நின்றுவிட வேண்டும். அசையாமல் சற்று நேரம் நின்றால் பெரும்பாலும் மீண்டும் மேயத் தொடங்கும். நேராக அதை நோக்கி நடக்காமல், வேறு எங்கோ போகிறவர் போல் சாய்வாக நடப்பதும் உதவும்.

நீங்கள் தொடங்குவதற்குக் கூந்தன்குளத்தைவிட எளிய இடங்கள் உண்டு. நெல் நடவு நடக்கும் காலத்தில் வயலில் உண்ணிக்கொக்கும் மடையானும் மனிதரைப் பற்றிக் கவலையில்லாமல் உழவு வண்டிக்குப் பின்னாலேயே நடக்கும். நாங்குநேரிச் சாலையின் மின்கம்பிகளில் பச்சைப் பஞ்சுருட்டானும் கரிச்சானும் பனங்காடையும் அமர்ந்திருக்கும். அவை பூச்சியைப் பிடித்துக்கொண்டு பெரும்பாலும் கிளம்பிய இடத்துக்கே திரும்பி வருவதால், ஒருமுறை தவறினாலும் அடுத்த முறை கிடைக்கும். கார் இருந்தால் இறங்காதீர்கள். இறங்கி நிற்கும் ஆளுக்குப் பயப்படும் பறவை, அதே தூரத்தில் நிற்கும் காருக்குப் பயப்படுவதில்லை. எஞ்சினை அணைத்துவிட்டு, சன்னல் கண்ணாடியைப் பாதி இறக்கி, அதன்மேல் அந்த அரிசிப் பையை வைத்துக்கொண்டால் போதும்.


பாளை ஆசிரியை எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. வாத்துகளை நெளியவைத்தது வெயில்தான் என்பதை இயற்பியல் பாடத்திலேயே சொல்லித் தருகிறேன் என்பதால், எனக்கு அது உடனே தோன்றாதது வியப்பாக இருக்கிறது. நேற்றுக் காலை எட்டு மணிக்கு நயினார்குளத்துக் கரையில் அமர்ந்து எடுத்த நீலத் தாழைக்கோழிப் படம் நான் எதிர்பார்த்ததைவிட நன்றாக வந்திருக்கிறது.

இப்போது வேறு இரண்டு சிக்கல்கள். வெண்கொக்கை எடுத்தால் உடல் முழுவதும் வெறும் வெள்ளைத்தாள் போல ஆகிவிடுகிறது. நீர்க்காகத்தை எடுத்தால் கரிக்கட்டை. அடுத்து, முழு ஜூமில் கேமராவைக் கண்ணில் வைத்தால் பறவை எங்கே இருக்கிறது என்றே தெரிவதில்லை. இலைகளாகவே தெரிகின்றன, தேடிக் கண்டுபிடிப்பதற்குள் அது வேறு கிளைக்குப் போய்விடுகிறது. பறக்கும் பறவையை எடுப்பதற்கு இக்கேமராவில் வழி உண்டா?


குளக்கரை நடையன் எழுதியது:

கேமரா தன் முன்னால் இருப்பது சராசரியாகச் சாம்பல் நிற வெளிச்சம் உடையது என்று எண்ணிக்கொண்டு அளக்கிறது. கரும்பச்சை நீருக்கு முன்னால் வெண்கொக்கு நின்றால் அது நீரையே பெரிதும் அளந்து, இருட்டாக இருக்கிறதே என்று ஒளியைக் கூட்டிவிடும். கொக்கின் இறகு வெளுத்து அழிந்துவிடும். ஆகவே கூட்டல் கழித்தல் குறியிட்ட ஒளித்திருத்தத்தை வெண்கொக்குக்கு −0.7 அல்லது −1 என்று குறைத்து வையுங்கள். கருப்புப் பறவைக்கு +0.7 அளவில் கூட்டுங்கள். வானத்தைப் பின்னணியாகக் கொண்டு கிளையில் அமர்ந்திருக்கும் எந்தப் பறவைக்கும் +1 அல்லது அதற்கும் சற்று மேல் தேவைப்படும், இல்லையேல் நிழலுருதான் மிஞ்சும். வானம் வெளுத்துப் போகுமே என்று கவலைப்படாதீர்கள், நமக்கு வேண்டியது பறவை. வெண்ணிறப் பறவைக்கு மட்டும் எப்போதும் ஒளி சற்றுக் குறைவாக இருக்கும்படியே வையுங்கள். ஜேபெக் கோப்பில் வெளுத்துப்போன இறகு திரும்ப வராது, சற்று இருண்ட இறகைப் பிறகு தூக்கிவிடலாம்.

பறவையைக் கண்டுபிடிப்பதற்கு, ஜூமை முழுவதும் நீட்டி வைத்துக்கொண்டு தேடும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். அகலக் கோணத்தில் தொடங்கி, பறவை இருக்கும் கிளையைச் சட்டத்தின் நடுவில் நிறுத்தி, நடுவிலேயே வைத்தபடி ஜூமை நீட்டுங்கள். பாதி வழியில் ஒரு படம் எடுத்துக்கொள்வது நல்லது. பறந்துவிட்டாலும் கையில் ஒன்று இருக்கும். ஜூம் நீண்ட பிறகு பறவை நகர்ந்துவிட்டால், லென்ஸின் இடப்பக்கம் உள்ள பொத்தானை அழுத்திப் பிடியுங்கள். பார்வை சட்டென்று விரியும், பறவையை நடுவுக்குக் கொண்டுவந்து பொத்தானை விட்டால் பழைய ஜூமுக்கே திரும்பிவிடும். கேனான் எஸ்எக்ஸ்70 போன்றவற்றிலும் இதே வேலைக்கு ஒரு பொத்தான் உண்டு. இவ்வகைக் கேமராவை வடிவமைத்தவர்கள் செய்த மிகப் பயனுள்ள காரியம் இதுதான் என்பது என் எண்ணம், 2000 மி.மீ. என்று பெட்டியில் பெரிதாக அச்சிட்டதைவிட இதை அச்சிட்டிருக்கலாம். பின்திரையைப் பார்த்து எடுக்காமல் கண்நோக்கியில் கண்ணை வைத்து எடுங்கள். கேமரா நெற்றியில் பதிவதால் நடுக்கம் குறையும், வெயிலில் திரை தெரியாத தொல்லையும் இல்லை. மற்றக் கண்ணையும் திறந்தே வைத்துக்கொள்ளப் பழகினால் பறவை எந்தப் பக்கம் போகிறது என்று தெரியும்.

இலைகளுக்கு நடுவே குவியம் அலைந்துகொண்டே இருந்தால், பறவை இருக்கும் அதே தொலைவில் உள்ள தடித்த கிளை ஒன்றில் முதலில் குவித்துவிட்டுப் பிறகு பறவைக்கு வாருங்கள். வேறுபாடு மிகுந்த விளிம்பைக் கண்டால்தான் இக்கேமரா விரைவாகக் குவிக்கும்.

பறப்புப் படத்தில் இக்கேமராவின் எல்லையை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பி900 வினாடிக்கு 7 படம் என்ற வேகத்தில் ஏழு படங்கள் எடுத்துவிட்டு, அவற்றை அட்டையில் எழுதி முடிக்கும்வரை நம்மைக் காக்கவைத்துவிடும். கண்நோக்கியில் தெரிவதும் உண்மை நிகழ்வுக்குச் சற்றுப் பின்தங்கியே தெரியும். தகைவிலானை இதில் துரத்துவது வீண். ஆனால் கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, சாம்பல் நாரை போன்றவை பெரியவை, மெதுவானவை, நேர்கோட்டில் வருபவை. ஜூமை 500, 600 மி.மீ. அளவில் நிறுத்தி, 1/1000 வினாடிக்குக் குறையாத வேகம் வைத்து, பறவை இன்னும் தொலைவில் இருக்கும்போதே அதைச் சட்டத்துக்குள் கொண்டுவந்து உடலை இடுப்பிலிருந்து திருப்பித் தொடர்ந்து வாருங்கள். மிக அருகில் வந்ததும் ஏழு படங்களையும் எடுத்துவிடலாம். மாலையில் அடையும் மரத்துக்குத் திரும்பும் கூட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே பாதையில் வருவதால் அதுவே பயிற்சிக்கு நல்ல நேரம்.


கணக்கெடுப்பாளன் எழுதியது:

ஆசிரியை அவர்கள் இ-பேர்டுக்குச் சான்றுப் படம் என்று எழுதியிருந்ததால் ஒன்றைச் சேர்க்கிறேன். அழகான படமும் அடையாளத்துக்கு உதவும் படமும் பல நேரம் ஒன்றாக இருப்பதில்லை. அலகு, கால், கண்ணைச் சுற்றிய பகுதி, வால் அடி, விரித்த இறக்கை ஆகியவை தனித்தனியாகத் தெரியுமாறு பக்கவாட்டிலிருந்து பல படங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். நன்றாக இல்லையென்று களத்திலேயே எதையும் அழிக்காதீர்கள். எடுத்துக்காட்டாகப் பெரிய வெண்கொக்கையும் நடுத்தர வெண்கொக்கையும் தனியாகப் பார்த்தால் அளவை வைத்துப் பிரிப்பது கடினம். வாய்ப்பிளவின் கோடு கண்ணைத் தாண்டிப் பின்னால் நீண்டிருந்தால் பெரியது, கண்ணுக்குக் கீழேயே முடிந்தால் நடுத்தரம். இருநோக்கியில் ஓடிக்கொண்டிருக்கும் கொக்கிடம் இதைப் பார்ப்பது அரிது. உங்கள் ஜூமில் தலையை மட்டும் நிறைத்து எடுத்த ஒரு படத்தில் வீட்டில் உட்கார்ந்து நிதானமாகப் பார்த்துவிடலாம். கரையோர உள்ளான்கள், பருந்து வகைகள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். இந்த வேலையில் சிறு சில்லுக் கேமராவைக் குறைத்து மதிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

கேமராவின் கடிகாரத்தைச் சரியாக வைத்துக்கொள்ளுங்கள். பட்டியலில் நேரம் முக்கியம். பி900இல் இருப்பிடம் பதியும் வசதியும் உள்ளே இருக்கிறது, மின்கலத்தைச் சற்று விரைவாகத் தின்றாலும் பயனுள்ளது. ஆந்தைக் கூடு போன்றவற்றின் படத்தைப் பொதுவில் போடும்போது மட்டும் அந்த இருப்பிடத் தகவலை நீக்கிவிடுங்கள். மின்கலம் இன்னொன்று கட்டாயம் வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழை மாதங்களில் கேமராவைத் துணிப்பையில் போட்டு அலமாரியில் வைத்தால் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். ஜூம் நீண்டு சுருங்கும்போது வெளிக்காற்றை உள்ளிழுப்பதால், உழவு நடக்கும் வயலில் புழுதி பறக்கும் பக்கமாக நின்று எடுக்காதீர்கள். இவ்வகைக் கேமராவின் உள்ளே புகுந்த தூசியை நாமே திறந்து துடைக்க முடியாது.

பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு 2015 முதல் ஒவ்வோர் ஆண்டும் பொங்கல் விடுமுறையில் நடக்கிறது. மாணவர்களையும் அழைத்துக்கொண்டு பள்ளிக்கு அருகிலுள்ள குளத்தில் பதினைந்து நிமிடம் பார்த்துப் பட்டியலிட்டாலே போதும். ஒரு மாணவர் எண்ண, ஒருவர் எழுத, நீங்கள் ஐயமான பறவைகளை மட்டும் படம் எடுத்துக்கொள்ளலாம். உங்கள் பட்டியலில் அடையாளம் தெரியாத உள்ளான் ஏதேனும் இருந்தால் படத்தை இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறோம்.